கொல்லைக்கு வந்த ஆறுமணிக்குருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோதான் போகவேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். போன அக்டோபரில் ஒரு நாள் காலை, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மாமரத்துச் சருகை ஏதோ கிளறுகிற சத்தம். கோழி என்று விரட்டப் போனால், குட்டை வால், பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு! ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் அந்தப் பெயர், நம் ஆட்கள் எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் பாருங்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. வந்த களைப்பில் சில சமயம் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும், ஜன்னல் கண்ணாடியிலும் மோதும். அப்படிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாகக் கொஞ்ச நேரம் வைத்தால் பல சமயம் தானே தெளிந்து பறந்துவிடும்.

என் வருத்தம் வேறு. இதற்குத் தீனியே சருகுக்கு அடியில் இருக்கிற பூச்சியும் புழுவும்தான். எங்கள் தெருவில் சருகைக் கூட்டிக் கொளுத்துவதைத்தான் சுத்தம் என்கிறார்கள் (என் வீட்டிலும் இதற்குச் சண்டை நடக்கிறது). ஒரு மூலையையாவது விட்டுவைக்கலாமே?

அப்புறம், 2015 முதல் பொங்கல் சமயத்தில் தமிழகத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்று பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். டிசம்பரிலேயே அதைப் பற்றி ஒரு செய்தி போடுங்கள், எனக்குப் பொங்கல் முடிந்துதான் தெரிந்தது.

இப்படிக்கு,
வாசகர், மதுரை