போனைக் காட்டி ஊட்டும் சோறு

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் போசாக்கின்மை என்றால் உடனே சம்பளத்தைத்தான் பேசுகிறோம். சரிதான். இலங்கையின் 2016ஆம் ஆண்டு குடிசன, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். ஆனால் ஊட்டும் விதம் பற்றிப் பேச்சே இல்லை.

கொழுந்துக்கு ஓடும் அவசரத்தில் போனில் கார்ட்டூனைப் போட்டு, பிள்ளை வாய் திறந்த நேரம் சோற்றைத் திணிக்கிறோம். அழுதால் பிஸ்கட், அதுவும் பிளேன்டீயில் நனைத்து. தேயிலைச் சாயமோ கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. "கீரை சாப்பிட்டால் டொபி" என்று ஆசை காட்டினால் பிள்ளைக்குப் பிடித்துப்போவது டொபிதான்! எதை, எப்போது கொடுப்பது என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு போதும் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். புதுக் கறியை முதல்நாள் துப்பினாலும் விட்டுவிடாமல், வற்புறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

கிளினிக்கில் நிறை பார்த்து அட்டையில் குறிப்பதோடு நிற்காமல் இதையும் சொல்லித்தரலாம். பாட்டிமாரையும் கூப்பிடுங்கள், பல வீடுகளில் பகலில் ஊட்டுவது அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்.