செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சிடி அலமாரியும் செல்போன் பாட்டும்

அவைத் தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நம் இசை கேட்போர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மே மாதம் மட்டும் வெயிலை உத்தேசித்து இரவு ஏழு மணிக்கு மேல் மொட்டை மாடியில் கூடினோம். மாதாந்திரக் கேட்பு அமர்வுகளும் தடையில்லாமல் நடந்தன. மார்கழியில் வேலூர் ஜி. ராமபத்ரன் மிருதங்கம் வாசித்த கச்சேரிப் பதிவுகளை மட்டும் வைத்து ஓர் அமர்வு நடத்தினோம். நம்மூர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கி, 2004இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் அவர். பாட்டை அமுக்காமல் அவர் வாசிக்கும் அழகைக் கேட்க அன்று மாடிப்படி வரைக்கும் ஆள் உட்கார்ந்திருந்தது.

இந்த ஆண்டு மூத்த உறுப்பினர்கள் இருவரை இழந்தோம். இரு குடும்பங்களுக்கும் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள். அவர்களில் ஒருவர் முப்பது வருஷமாகச் சேர்த்த சிடிக்கள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. காரியம் முடிந்து நான் துக்கம் விசாரிக்கப் போனபோதுதான் அது தெரிந்தது. வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இப்போது சிடி போடும் கருவியே இல்லை. "பாட்டெல்லாம் செல்லுலேயே வருதே சார், இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்குன்னு போட்டுட்டோம்" என்றார் மகன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த அலமாரியின் கீழ்த்தட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதில் பாதி எந்தச் செல்லிலும் வராது.

உறுப்பினர்களின் சிடிக்களை ரிப் செய்வதற்கே, அதாவது அவற்றில் உள்ள பாட்டைக் கணினிக் கோப்பாக எடுத்து வைப்பதற்கே, இந்த ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு போனதால், அறிக்கையின் பெரும்பகுதியும் இதைப் பற்றியே இருக்கும்.

சென்ற பொதுக்குழுவில் இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, "மாசம் ஒரு தொகை கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு கிடைக்கும்போது, உட்கார்ந்து ஒவ்வொரு சிடியாக ரிப் செய்வது வீண் வேலை இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஸ்ட்ரீமிங்கில்தான் தினமும் கேட்கிறேன். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது, நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் இளம் பாடகரின் கல்யாணி ராகத்தை அது எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அதற்கு இணை கிடையாது.

ஆனால் அது வாடகை வீடு. நிறுவனத்துக்கும் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கும் இருக்கும் ஒப்பந்தம் முடிந்தால், நேற்று வரை பாடிய பாட்டு இன்று மங்கிய எழுத்தில் பெயராக மட்டும் நிற்கும். நான் பத்து வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்த பட்டியல் ஒன்று, அந்த ஆப்பையே மூடியபோது மொத்தமாகப் போனது. கட்டிய பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. எதெது அதில் இருந்தது என்று நினைவிலிருந்து எழுதி எடுக்க முடியாமல் போனதுதான் வருத்தம்.

இன்னொன்று, கர்நாடக இசை கேட்பவர்களுக்குப் புரியும். தோடி ராகம் என்று தேடினால் எந்தத் தோடி, யார் சாகித்யம், யார் வயலின் என்று எதுவும் ஒழுங்காக வராது. பக்கவாத்தியக்காரர் பெயர் இருக்கவே இருக்காது. சிடியின் உள்ளே மடித்து வைத்த அந்த நான்கு பக்கத் தாளில் ராகம், தாளம், இயற்றியவர், கடம் வாசித்தவர் வரைக்கும் அச்சடித்திருக்கும். அதனால் ரிப் செய்யும்போது தாளையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்பதை இந்த ஆண்டு விதியாகவே ஆக்கினோம். மழைக்காலத்தில் அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிரிக்கும்போது எழுத்து உரிந்து வருகிறது. தகட்டைவிட முதலில் சாவது தாள்தான்.

ஒலித்தரத்தைப் பற்றி நமக்குள் நடந்த வாக்குவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். சிடியில் ஒலியை அளந்து எடுத்த மாதிரிகள் விநாடிக்கு 44,100, ஒவ்வொன்றும் 16 பிட். அதில் ஒரு துளியும் விடாமல் சுருக்குவது ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவம். அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். எம்பி3 இன்னும் சிறியது, ஆனால் காது கண்டுகொள்ளாது என்று கணக்குப் போட்டுச் சிலவற்றைத் தூக்கி எறிந்துவிடும். விநாடிக்கு 320 கிலோபிட் கொண்ட எம்பி3க்கும் ஃப்ளாக்குக்கும் நம்மில் பலருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதை ஓர் அமர்விலேயே கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்துக்கொண்டோம். ஆகவே நாம் ஃப்ளாக்கைத் தேர்ந்தெடுத்தது காதுக்காக அல்ல. ஃப்ளாக்கில் சிடியில் இருந்தது அப்படியே இருப்பதால், நாளைக்கு எந்த வடிவத்துக்கு வேண்டுமானாலும் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். எம்பி3யில் தூக்கி எறிந்தது திரும்பி வராது. ஆலாபனை ஒரு ட்ராக்காகவும் கீர்த்தனை அடுத்த ட்ராக்காகவும் வெட்டியிருக்கும் தகடுகளில், எம்பி3 நடுவே மெல்லிய ஒரு விக்கலைச் சேர்த்துவிடுவதும் உண்டு. ஃப்ளாக்கில் அது இல்லை.

ரிப் செய்ய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளையே பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இருமுறை படித்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் விடாமல் மறுபடி மறுபடி படிக்கும். பிறகு உலகில் வேறு யாராவது அதே தகட்டை ரிப் செய்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும். பெரிய கம்பெனிகளின் சினிமாப் பாட்டு சிடிக்கள் இதில் சுலபமாகத் தேறிவிடுகின்றன. வள்ளிமலைப் பக்கத்துத் திருப்புகழ்க் கோஷ்டி தன் கைக்காசைப் போட்டு வெளியிட்ட சிடிக்கு எங்கே ஒப்பிடுவது? அப்படிப்பட்டவற்றை வெவ்வேறு இரண்டு டிரைவ்களில் ரிப் செய்து, இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தால்தான் தேறியதாகக் கணக்கு. "பிளேயரில் நன்றாகத்தானே பாடுது" என்று பல உறுப்பினர்கள் சொல்கிறார்கள். பிளேயர், படிக்க முடியாத இடத்தைப் பக்கத்தில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு போகும். உள்ளே அரித்திருப்பது வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்த தகட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருடைய மாமனார் நாகஸ்வர வித்வான். கோயிலில் வாசித்ததை யாரோ கேசட்டில் பிடித்து, பிற்பாடு கடையில் கொடுத்து சிடி-ஆரில், அதாவது நாமே பதிவு செய்துகொள்ளும் தகட்டில், ஏற்றியிருக்கிறார்கள். கேசட் இல்லை. இருந்தது அந்த ஒரே தகடு. மேலே மார்க்கர் பேனாவில் "அப்பா - மார்கழி" என்று மட்டும் எழுதியிருந்தது. உறைகூட இல்லாமல், கல்யாணப் பத்திரிகை ஒன்றை மடித்து அதற்குள் வைத்திருந்தார். ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வெளி ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோல் ஐந்தாறு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. எழுத்து இருக்கும் மேல்பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய ஒரு பூச்சுக்குக் கீழேதான் அந்த வெள்ளிப் படலம் இருக்கிறது. அடிப்பக்கம் கீறினால் துடைத்தோ தேய்த்தோ சமாளிக்கலாம், மேல்பக்கம் உரிந்தால் பாட்டே உரிந்ததுபோல. போதாததற்கு சிடி-ஆரில் பதிவு இருப்பது சாயத்தில். 40 டிகிரியைத் தாண்டும் நம்மூர் வெயிலுக்கு அந்தச் சாயம் எத்தனை கோடை தாங்கும்?

சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கும் என்பதால் முதல் நான்கு ட்ராக்குகள் அலுங்காமல் வந்தன. ஐந்தாவதில் தவில் தனி. அங்கே டிரைவ் முனக ஆரம்பித்தது. இரவு பத்து மணிக்கு வைத்தது விடியற்காலை நான்கு மணி வரை ஓடியது. மறுநாள் பழைய மேஜைக் கணினியின் டிரைவைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் வைத்தோம். அது இன்னும் கொஞ்சம் படித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் கடைசி ட்ராக்கில் 11 விநாடி மட்டும் எதிலும் கிடைக்கவில்லை. மென்பொருளால் அதை இட்டு நிரப்பலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாசிக்காததை அவர் பெயரில் வைக்கக் கூடாது. அந்த இடம் மௌனமாகவே இருக்கிறது. ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பில் எந்த நிமிஷம், எத்தனை விநாடி என்று எழுதி வைத்திருக்கிறோம். ஹெட்போனில் முதல் ட்ராக்கைப் போட்டுக் கொடுத்ததும் அந்த அம்மா, "இது எங்க மாமா சீவாளி சரிபண்ற சத்தம்" என்றார். சீவாளி என்பது நாகஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் நாக்கு. வாசிப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் வரும் அந்தச் சிறிய பீப்பீ சத்தம். நான் அதை வெட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குப் பிறகு வேலையின் வரிசையை மாற்றினோம். கம்பெனி சிடிக்கள் பின்னால் நிற்கட்டும். வீட்டில் ஏற்றியவை, தெருக்கூத்துக் குழுக்களின் இரவுப் பதிவுகள், கல்யாணத்தில் பிடித்தவை ஆகியவை முன்னால் வரட்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. பாரதக் கூத்தில் முகவீணை என்ற சிறிய ஊதுகருவி கேட்கும் பழைய பதிவு யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் சொந்த உபயோகத்துக்கு இடம் தருகிறது. அந்த எல்லைக்குள்தான் இருக்கிறோம். உங்கள் சிடியை ரிப் செய்து உங்கள் டிஸ்க்கில் கொடுப்போம். சங்கத்தில் பிரதி வைப்பதில்லை, பென் டிரைவில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளச் சங்கக் கூட்டத்தைப் பயன்படுத்தவும் கூடாது. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். எனவே 1964 வரை வெளியான இசைத்தட்டுப் பதிவுகளின் ஒலிப்பதிவு உரிமை 2025 பிறந்தபோது முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவர், மெட்டுப் போட்டவர் உரிமை வேறு கணக்கு. தியாகராஜர் கீர்த்தனைக்கு அந்தக் கவலை இல்லை.

சேமிப்பு விஷயத்தில் என் பொறுப்பில் ஒரு தவறு நடந்தது. ஆகஸ்டில் கரண்ட் போய்ப் போய் வந்த ஓர் இரவில், சொந்த வேலைக்கென்று நான் யுபிஎஸ் இல்லாமல் செருகி வைத்திருந்த ஹார்டு டிஸ்க் செத்தது. அதில் இருந்த உறுப்பினர்கள் மூவரின் 90 தகடுகளை மறுபடி முதலிலிருந்து ரிப் செய்தோம். அவர்கள் பொறுமைக்கு நன்றி. தகடுகள் எறியப்படாமல் இருந்ததால் தப்பினோம். ரிப் செய்த பிறகும் சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது மூன்று பிரதி முறை. கேட்க ஒன்று, வீட்டிலேயே தனியாக ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. காட்பாடிக்காரர் டிஸ்க் வேலப்பாடியில், வேலப்பாடிக்காரர் டிஸ்க் காட்பாடியில், ஒட்டிய உறையில் கையெழுத்தோடு. நடுவில் பாலாறு இருக்கிறது. 2021 நவம்பரில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த ஏற்பாட்டை உடனே ஒப்புக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில், எல்லா டிஸ்க்குகளையும் செருகி ஓட்டிச் சரிபார்க்கிறோம். ஃப்ளாக் கோப்பு தனக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால், கெட்டுப்போனது எது என்று அதுவே சொல்லிவிடும்.

மார்ச் இறுதி வரை 612 தகடுகள் முடிந்தன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் 200 ஜிபியைச் சற்றுத் தாண்டும் அளவுதான். இன்றைய ஒரு டெரா டிஸ்க்கில் கால் பங்குகூட நிறையாது. ஆகவே இடம் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். புதிதாக வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் இல்லாததால், வெளியிலிருந்து செருகும் டிரைவ் இரண்டு வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

ரிப் அமர்வு இனி மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு. தகடுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைத்துக் கொண்டு வாருங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம், பற்பசை போடவே வேண்டாம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். சிடிக்களை எடைக்குப் போட்ட, மறைந்த உறுப்பினரின் மகன் சென்ற வாரம் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சிடி-ஆர் கிடைத்தது என்று போன் செய்தார். வரும் ஞாயிறு முதல் வேலை அதுதான்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
வேலூர்