கட்டெறும்பும் ஆறு புள்ளி வண்டும்

மல்லேசுவரம், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

நலம், வீட்டில் அனைவரின் நலமறிய ஆவல். அவரைப் பந்தலில் கட்டெறும்புகள் ஏறுவதைப் பற்றி எழுதியிருந்தாய். கொழுந்தில் அப்பியிருக்கும் அசுவினியின் இனிப்பான கழிவுக்காகத்தான் அவை ஏறுகின்றன; எனவே அசுவினியைக் கவனி, எறும்பை விட்டுவிடு.

இங்கே ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் காலை நடையின்போது, அந்த எறும்பின் பங்காளி என்றே சொல்லத்தக்க ஒரு தரைவண்டைப் பார்த்தேன். ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளம், கன்னங்கரிய உடல், முன்முதுகில் இரண்டும் சிறகுறையில் (மூடிபோல் இருக்கும் கெட்டியான மேல் சிறகுகளில்) நான்குமாக ஆறு வெள்ளைப் புள்ளிகள். இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ்தான்; வண்டுக்கு 1775-இலும் எறும்புக்கு 1787-இலும் சூட்டினார்.

பிறப்பால் எறும்பு குளவிக்குத்தான் நெருக்கம். ஆனால் வண்டும் எறும்பும் ஏந்தும் ஆயுதம் ஒன்றே: ஃபார்மிக் அமிலம். கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கவ்விக்கொண்டு, வயிற்றின் நுனியை முன்னுக்கு வளைத்து, கடிவாயிலேயே அமிலத்தை விடுகிறது. வண்டு அவ்வளவு நெருங்குவதில்லை. பின்புறச் சுரப்பிகளிலிருந்து எட்டவே பீய்ச்சிவிடும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். நானும் எட்ட நின்றுதான் படம் எடுத்தேன்.

இந்த வேறுபாட்டுக்குப் பிழைப்பு முறையே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டையில் ஓர் எறும்பு செத்தால் புற்றுக்குப் பெரிய நட்டமில்லை. புழுக்களுக்கு ஊட்டிவிட உள்ளே எத்தனையோ வேலைக்காரிகள் உண்டு. வண்டோ, முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் தானே வேட்டையாடி உண்ணும் ஒண்டிக்கட்டை. சிறகுறைகள் ஒட்டிப்போனதால் பறக்கவும் முடியாது; நெட்டைக் கால்களால் ஓட வேண்டியதுதான். ஆகவே சண்டை மூளும் முன்பே எதிரியை எச்சரித்துவிடுவது அதற்கு லாபம். அந்த வெள்ளைப் புள்ளிகளின் வேலை அதுவே. கூட்டு வாழ்க்கைக்கு எறும்பைப் புகழ ஊரே இருக்கிறது. என் மதிப்பு இந்த ஒண்டிக்கட்டைக்குத்தான்.

எறும்பு வேடமிடும் சிலந்திகளை நீ அறிவாய். இந்த வண்டின் ஆப்பிரிக்க உறவினங்களுக்கும் அப்படியொரு நகல் உண்டு. கலகாரிப் பாலையில் ஒருவகைப் பல்லியின் குஞ்சு, கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகளுடன், முதுகை வில்லாக வளைத்து, விறைத்த கால்களால் அவ்வண்டுகளைப் போலவே நடக்கிறது. வளர்ந்ததும் மணல் நிறத்துக்கு மாறிச் சாதாரணமாக நடக்கத் தொடங்குகிறது. ஹூயி, பியாங்கா என்ற ஆய்வாளர்கள் இருவர் 1977-இல் இதை எழுதினார்கள்.

உங்கள் தேரிக்காட்டுப் பக்கம் ஆறு புள்ளிக்காரன் தென்பட்டால் எழுது. கையில் மட்டும் எடுக்காதே.

அன்புடன்,
வேலாயுதம்