பெட்ரோமாக்ஸ் தொட்டியில் துளை போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பழைய பொருள்களை வைத்து வீட்டை அழகுபடுத்துவது பற்றிய பக்கத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கின் படம் வந்திருந்தது. எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில் துளை போட்டு ஒயரை நுழைத்து, மேண்டில் (சூட்டில் வெள்ளையாக ஒளிரும் வலைப்பை) தொங்க வேண்டிய இடத்தில் எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தார்கள். கருங்கல் சந்தைப் பக்கம் அப்பா காலத்திலிருந்து ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் ரிப்பேர் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெட்ரோமாக்ஸுக்கு உயிரே அந்தத் தொட்டிதான். பம்ப் அடித்த காற்று உள்ளே நின்றால்தான் எண்ணெய் மேலே ஏறும், சூடான குழாயில் ஆவியாகும், நிப்பிள் என்கிற சின்னத் துளை வழியாகப் பீறிட்டு மேண்டிலுக்குள் எரியும். ஒருமுறை துளை போட்ட தொட்டி முன்போலக் காற்றைப் பிடிக்காது. ஈயம் வைத்து அடைக்கலாமே என்பார்கள். மேலே நெருப்பு, உள்ளே அழுத்தத்தோடு மண்ணெண்ணெய். அதை நம்பி ஒரு வீட்டுக்குள் வைக்க நான் கொடுக்க மாட்டேன். துளை போட்டதைக் கொண்டுவந்து பழையபடி எரிய வைக்கச் சொன்னவர்கள் இதுவரை மூன்று பேர். மூன்று பேரையும் திருப்பித்தான் அனுப்பினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பையன் தன் தாத்தாவின் விளக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். ஜெர்மனியில் செய்த 829 மாடல், 500 கேண்டில் பவர். குளச்சல் பக்கம் அந்தத் தாத்தா கட்டுமரத்தில் ராத்திரி கணவாய் மீன் பிடிக்கப் போகும்போது கொண்டுபோன விளக்காம். வெளிச்சத்தைப் பார்த்துத்தானே கணவாய் மேலே வரும். உப்புக்காற்று பட்டு நிக்கல் பூச்சு பாதி உரிந்து, பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. பையன் கடற்கரையில் தங்கும் விடுதி கட்டுகிறான். "அண்ணாச்சி, ஒயர் போக ஒரு ஓட்டை மட்டும் போட்டுத் தாங்க" என்றான். "வேண்டாம் மக்களே, ஒரு வாரம் என்கிட்ட விட்டுட்டுப் போ" என்றேன்.

மூடியைத் திறந்தால் கெட்டுப்போன வார்னிஷ் வாடை. வருஷக்கணக்கில் கிடந்த எண்ணெய் அடியில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. புது மண்ணெண்ணெய் ஊற்றி, சின்னச் சங்கிலி ஒன்றை உள்ளே போட்டு மூன்று நாள் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன். பம்பின் தோல் வாசர் காய்ந்து அப்பளமாகியிருந்தது. புது வாசரை ஒரு ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப்போட்டு, விரலால் விளிம்பை விரித்து மாட்டினேன். இழுத்து அடித்தால் கம்பி தானாக மேலே எழும்பி வந்தது, கையில் எண்ணெய் ஈரம். பம்புக்கு அடியில் இருக்கும் வால்வின் ரப்பர் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வெண்டைக்காய் விதையளவு ரப்பர்தான், ஆனால் அது இல்லாவிட்டால் விளக்கே இல்லை. எண்ணெயை ஆவியாக்குகிற ஜெனரேட்டர் குழாய்க்குள் கரி அடைத்திருந்தது. சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைப் பிரித்துவிட்டு உள்ளே சுழற்றினால் கரி பொடியாகக் கொட்டும். கடைசியாகக் காற்றடித்துத் தொட்டியை வாளித் தண்ணீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எமரித் தாள் மட்டும் போடவில்லை. மிச்சமிருக்கும் நிக்கலையும் அது சுரண்டிவிடும். பூச்சு போன இடத்தில் பித்தளை தெரிந்தால் தெரியட்டும், அது அந்தத் தாத்தாவின் கை பட்ட இடம்.

விளக்கில் மாற்றமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் கடற்கரை ஆட்கள் செய்யாத மாற்றமா? கண் கூசாமல் வெளிச்சம் தண்ணீரில் மட்டும் விழ, பால்பவுடர் டின்னை வெட்டி ஒரு பக்கம் மறைப்பு கட்டுவார்கள். அலை தெறித்தால் சூட்டில் கண்ணாடி பட்டென்று வெடிக்கும் என்பதால் சூடு தாங்குகிற மைக்கா தகடு போட்டவர்களும் உண்டு. எல்லாம் கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற மாற்றங்கள். பையனுக்கும் அதைத்தான் செய்து கொடுத்தேன். தகரத்தில் ஒரு மறைப்பு, பாதி மங்கலாக்கிய கண்ணாடி. பல்புதான் வேண்டும் என்கிறவர்கள் பர்னர் பாகத்தை அப்படியே கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, சார்ஜ் போடுகிற சின்ன விளக்கைக் கண்ணாடிக்குள் வைக்கலாம். தொட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரோமாக்ஸ் பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் நடத்திய கம்பெனியில் பிறந்தது. பெட்ரோலியம், மாக்ஸ் இரண்டும் சேர்ந்ததுதான் பெயர். ஆனால் அந்த மாதிரி விளக்குகளின் மேண்டிலுக்குத் தேவைப்பட்ட தோரியம் எங்கள் மணலில் கிடந்தது. ஆஸ்திரியாக்காரர் அவுர் வான் வெல்ஸ்பாக் 1891இல் கண்ட கலவை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடும். இங்கிருந்து ஏற்றுமதியான தென்னைநார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் உள்ள மோனசைட் என்ற தாது இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்து, எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். மேண்டில் தொழிலுக்காகத்தான் அந்த மணலை முதலில் அள்ளினார்கள். எங்கள் கடற்கரை வீடுகளில் இந்த விளக்கை உடைத்து அலங்காரமாக்குவது எனக்கு ஏன் வலிக்கிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள் என்பதால் ஒரு எச்சரிக்கை: எரிந்த மேண்டில் சாம்பலை வாயால் ஊதாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள். மேண்டிலில் ஓட்டை விழுந்தால் உடனே மாற்றுங்கள், அதன் வழியாகப் பாய்கிற தீ கண்ணாடியை உடைத்துவிடும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று பெட்ரோலோ தின்னரோ ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காதீர்கள். பூட்டிய அறையில் எரிக்காதீர்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் மாவட்டமே இருண்டு கிடந்தது. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. செல்போனும் டார்ச்சும் செத்த பிறகு பரணிலிருந்து இறக்கிய பெட்ரோமாக்ஸ்கள் என் கடைக்கு வந்தன. கடலுக்குப் போன ஆட்கள் திரும்பி வருவார்களா என்று கரையில் காத்திருந்தவர்களுக்கும் இரண்டு விளக்கு எரிய வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு என் கைக்கு வந்தவற்றில் தொட்டி முழுசாக இருந்த எல்லாமே எரிந்தன.

அடுத்த முறை இப்படி ஒரு படம் போடும்போது, தொட்டியில் துளை போட வேண்டாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள் ஐயா. அரித்து ஓட்டையாகிப்போன தொட்டிகள் பழைய இரும்புக் கடைகளில் நிறையக் கிடக்கின்றன. அலங்காரத்துக்கு அவை போதும்.

இப்படிக்கு,
ஸ்டவ் ரிப்பேர் கடைக்காரர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.