வெர்னியர் பார்க்கத் தெரியாத பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் நடந்த தொழில்முனைவோர் கூட்டம் பற்றிய ஞாயிற்றுக்கிழமைச் செய்தியில், ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்து வருகிறவர்களுக்கு, நுண்ணிய அளவு எடுக்கும் கருவியான வெர்னியர் பார்க்கக்கூடத் தெரியவில்லை என்று ஒரு தொழிலதிபர் வருந்தியதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

26 ஆண்டுகள் ஃபிட்டர் பிரிவில் பாடம் எடுத்தவன் நான். 20 பிள்ளைகளுக்கு மூன்று வெர்னியர். அதில் ஒன்றின் தாடை தேய்ந்துபோய், இறுக மூடினாலும் சுழியில் நிற்காது. அந்தப் பிழையைக் கழிக்கக் கற்றுக்கொடுத்து, அதிலேயே 0.02 மில்லிமீட்டர் வரை அளக்க வைத்தேன். அந்தத் தொழிலதிபர் அதில் ஒருமுறை அளந்து காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தாங்கள் அறியாததல்ல, 2007-இல் நாடு முழுவதும் 1,396 அரசு ஐ.டி.ஐ.களுக்குத் தலா இரண்டரைக் கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தரும் திட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு நிலையத்தின் மேலாண்மைக் குழுவுக்கும் தொழில் துறையைச் சேர்ந்தவரே தலைவர். எங்களுக்கும் ஒரு தலைவர் வாய்த்தார். கூட்டத்துக்கு அவர் வந்ததைவிட, கையெழுத்துக்காக நோட்டை வாங்கிப் போக அவருடைய டிரைவர் வந்ததுதான் அதிகம். எந்தப் பிரிவுக்கு ஆள் தேவை என்று டிரைவரிடமா கேட்பது?

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுத்தே ஆகவேண்டும் என்கிறது சட்டம். எடுக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து விடிவதற்குள் பஸ் ஏறி வந்த என் மாணவன் ஒருவன், அப்படிப் போன இடத்தில் எட்டு மாதம் அட்டைப்பெட்டி ஒட்டினான். அரம் பிடித்த கை. இப்போது அவனைத்தான் ஒன்றும் தெரியாதவன் என்கிறார்கள்.

இன்று தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்து ரோபோ, கணினியில் இயங்கும் சி.என்.சி. எந்திரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி, பொறாமையும்தான். ஆனால் கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் பட்டறை பட்டறையாகப் போய், இன்னும் ஐந்து ஆண்டில் எத்தனை வெல்டர், கடைசல் பிடிக்க எத்தனை டர்னர் வேண்டும் என்று கேட்டு எழுதியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

தங்கள் இதழ் மட்டும் என்னவாம்? பொறியியல் கலந்தாய்வுக்கு நான்கு பக்க இணைப்பு. ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு, ‘காணவில்லை’ விளம்பரத்துக்குக் கீழே ஆறு வரி. இதைப் பற்றி முன்பே இரண்டு முறை எழுதினேன். தாங்கள் வெளியிட்டது கோரிப்பாளையம் குப்பைத்தொட்டி பற்றிய என் கடிதத்தை.

எட்டாம் வகுப்புத் தேறியவன்கூட வெல்டர் பிரிவில் சேரலாம் என்பது சோழவந்தான் பக்கத்தில் பல பெற்றோருக்கு இன்றும் தெரியாது. வரும் ஆண்டு பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில், அந்த ஆறு வரியை முதல் பக்கத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் போடுங்கள். முகவரியும் கடைசித் தேதியும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
திருநகர், மதுரை.