தலையணை உறையில் காவிரி டெல்டா: துணி தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

துணி கொடுத்தவர்களுக்கும், கத்திரிக்கோல் கொடுத்தவர்களுக்கும், ஒன்றும் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து குறை மட்டும் சொன்னவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு ஊஞ்சலுக்கு ஒரு தலையணை உறை தைக்கப்போய், அது டெல்டாவின் வரைபடமாக முடிந்த கதை மயிலாடுதுறையில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். ஆடிப்பெருக்கன்று வந்த உறவினர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் தங்கள் ஊரைத் தேடினார்கள். கிடைத்தவர்கள் காபி கேட்டார்கள். கிடைக்காதவர்கள் நியாயம் கேட்டார்கள். ஊசி பிடித்தது நான்தான். ஆனால் எந்தத் துணி எங்கே உட்கார வேண்டும் என்று தீர்ப்பு சொன்னவர்கள் பலர். அவர்களை எழுதி வைப்பதற்காகவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் அண்ணன், அக்கா, தாத்தா என்றே எழுதுகிறேன். யார் யார் என்பது உரியவர்களுக்குப் புரியும்.

முதல் நன்றி தையல்கடை அண்ணனுக்கு. ரவிக்கை வெட்டும் மேசைக்கு அடியில் என்ன விழும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கழுத்து வெட்டிய அரைவட்டம், கைக்குழி வெட்டிய பிறை, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நீளப்பட்டை. மாதக் கடைசியில் மூட்டையாகக் கட்டிவைத்தால் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்க எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த முறை அவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, மூட்டையிலிருந்து பச்சையை மட்டும் எனக்காகப் பொறுக்கி வைத்திருந்தார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மாவிலைப் பச்சை என்று பச்சையில் இத்தனை பிரிவு உண்டு என்பது கல்யாண ரவிக்கை தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. சந்தேகமான துண்டுகளிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி; உருண்டு மணியாக இறுகினால் பாலியெஸ்டர், அதைத் தூக்கிப் போடு. பருத்தி அத்தனையையும் வெந்நீரில் ஊறவைத்து அலசி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரிக்கோலைத் தொட வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே மன்னார்குடி சுருங்கி நீடாமங்கலத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்றார்.

அடுத்த தெரு லஸ்கர் தாத்தாவுக்கு நன்றி என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து, ஷட்டர் ஏற்றி இறக்கி, வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரை காத்து ஓய்வு பெற்றவர். நான் தாலுகா வாரியாகத் துணியை வெட்டுவதாகத்தான் இருந்தேன். தாத்தா தாளைப் பார்த்துவிட்டு என் மாமியாரைக் கூப்பிட்டார். "நீ மருமகளாக வந்தபோது இது எந்த மாவட்டம்?" தஞ்சாவூர். 1991-இல் பிரித்ததும் நாகப்பட்டினம். 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை. வீட்டு வாசல்படி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இதற்கு நடுவில் 1997-இல் திருவாரூர் வேறு தனியாகப் போனது. "மாவட்டக் கோட்டில் வெட்டினால் அடுத்த கெஜட்டில் உன் தலையணை பழசாகிவிடும். ஆற்றங்கரையில் வெட்டு" என்றார் தாத்தா. அன்றிலிருந்து இந்த உறையில் தையல் ஓடும் இடமெல்லாம் ஆறு. இரண்டு துணி எங்கே சேர்கிறதோ அங்கே தண்ணீர் போகிறது என்று பொருள்.

வீட்டில் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த பழைய பாசன வரைபடத்தையும் அவரே எடுத்து வந்து கொடுத்தார். அதைப் பகுதி பகுதியாகப் பெரிதாக்கி, ஒட்டிச் சரிபார்த்துத் தந்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் இங்கேயே நன்றி. காசு வாங்க மறுத்ததற்காக அவனுடன் சண்டை பாக்கி இருக்கிறது.

உறை 18 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தால் கல்லணையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரையும், கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றிலிருந்து தெற்கே கோடியக்கரை வரையும் அடங்கிவிடுகிறது. கடலுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. நீளத் தலையணை வேண்டும் என்று கேட்ட என் கணவருக்கு, டெல்டா ஏறக்குறையச் சதுரமாக இருப்பது என் குற்றமில்லை என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீல நூல்கண்டை எடுத்தபோது தாத்தா மறுபடியும் தடுத்தார். "ஆற்றில் எந்தக் காலத்தில் நீலத் தண்ணீர் வந்தது?" நியாயமான கேள்வி. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து, கல்லணை தாண்டி எங்கள் ஊருக்கு வந்து சேரும் புதுத் தண்ணீர் செம்மண் கரைத்த நிறத்தில்தான் நுரையும் சருகுமாக வரும். ஆகவே காவிரிக்குப் பழுப்புத் துணி. அகலமும் அவர் சொன்னபடிதான். கல்லணையில் சுண்டுவிரல் அகலம்; கும்பகோணத்தில் அதில் பாதி; மயிலாடுதுறைக்கு வரும்போது துணிப்பட்டைக்கு வேலையே இல்லை, இரட்டை நூல் போதும். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு வேறென்ன மிஞ்சும்? பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஒற்றை நூல். கொள்ளிடத்துக்கு நேர்மாறு. வெள்ளத்தை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு அது. மற்ற நாட்களில் பெரும்பாலும் மணல். அதற்குக் கோரா நிறத்தில் அகலமான பட்டை வைத்து, நடுவில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு ஓட்டினேன். படம் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் காவிரியைவிடக் கொள்ளிடம் பெரிதா என்று கேட்டார்கள். பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மிகவும் பாடுபடுத்திய இடம் திருவையாற்றுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகள் ஒன்றரை அங்குலத்துக்குள் போக வேண்டும். அங்கே துணியை வெட்டி இணைக்க வழியே இல்லை; ஒரே துண்டைப் போட்டு, மேலே காம்புத் தையலில் ஐந்து கோடு இழுத்தேன். ஆற்றுத் தண்ணீரைப் பிரித்தும் தடுத்தும் விடும் தலைப்புகளுக்குச் சட்டைப் பொத்தான் வைக்கலாம் என்று நான் சொன்னதை மாமியார் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். படுத்து எழுந்தால் கன்னத்தில் கல்லணை பதிந்திருக்கும் என்றார். பொத்தானுக்குப் பதில் சிவப்பு நூலில் முடிச்சுத் தையல். கல்லணை, தென்பெரம்பூர், அணைக்கரை, நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு, காவிரியின் கடைசிக் கதவணை நிற்கும் மேலையூர். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தட்டுப்படும். தாத்தா அப்படித்தான் தடவிப் பார்த்தார். மூணாறு தலைப்பு அரை விரல் மேற்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் பிரிக்க வேண்டாம் என்று பெரிய மனது பண்ணினார். போகும்போது தன் பழைய காக்கிச் சட்டைப் பையைப் பிரித்துக் கொடுத்தார். அது இப்போது கல்லணைக் கால்வாயின் கரை. மேட்டூர் அணையோடு 1934-இல் பாசனத்துக்கு வந்த அந்த வாய்க்காலைத் தாத்தா இன்னும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்.

வளைவுகளை மடக்கித் தைக்கக் கற்றுக்கொடுத்த கும்பகோணத்துப் பெரியவருக்கு என் வணக்கம். தேருக்கும் கோயில் மண்டபத்துக்கும் தொம்பை தைக்கிற குடும்பம் அவர்களுடையது. சிவப்பிலும் மஞ்சளிலும் வெள்ளையிலும் யாளியையும் அன்னத்தையும் வெட்டி, அடித்துணியில் வைத்துத் தைத்து, நீள உருளையாகத் தொங்கவிடுவார்களே, அந்த வேலை. நான் குண்டூசி குத்திக்கொண்டு திணறுவதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு துண்டை வாங்கி, வளைவின் உள்பக்கம் கத்திரி முனையால் நெல் அளவுக்குச் சின்னச் சின்ன வெட்டு கொடுத்தார். விரல் நுனியில் கஞ்சித் தண்ணீரைத் தொட்டு ஓரத்தில் தடவினார். கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பு. முரண்டு பிடித்த அரசலாற்றங்கரை அடங்கிப் படிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி, ஒட்டுக் கேன்வாஸ் என்று நான் கூடை நிறையச் சுமந்துகொண்டு போயிருந்தேன். அவரிடம் இருந்தது ஒரு கிண்ணம் கஞ்சியும் வளர்த்து வைத்த நகமும்.

இனி கூறைநாட்டு அத்தை. எங்கள் ஊரின் ஒரு பகுதியான கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்யும் புடவைதான் ஒரு காலத்தில் இந்தச் சீமைக் கல்யாணங்களில் முகூர்த்தப் புடவை. அத்தையின் கூறைப் புடவை பெட்டியில் கிடந்து மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. மயிலாடுதுறைக்கு வேறு துணி வைத்தால் ஊர் சிரிக்கும் என்று அவரே எடுத்து வந்தார். கூடவே வந்த பெரியம்மா, தாலி கட்டிய புடவையில் கத்திரி போடலாமா என்று தகராறு செய்தார். அத்தை பதில் பேசவில்லை. இற்ற மடிப்பைக் கையால் பிடித்து அவரே கிழித்தார். "கத்திரி போடவில்லை, பார்த்துக்கொள்" என்றார். மாம்பழ மஞ்சளும் அரக்கும் கட்டமாக இருக்கும் அந்தத் துண்டுக்கு அடியில் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்திருக்கிறேன், அத்தை. இற்றுப்போன இழை இனி இழுபடாது. திருபுவனத்திலிருந்து பட்டுத் துண்டு கொடுத்தனுப்பிய நெசவாளர் வீட்டு அக்காவுக்கும் நன்றி. பட்டு பிரியும் என்று நீங்கள் எச்சரித்ததால் ஓரத்தில் கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் விட்டேன்.

தலைஞாயிறு அக்கா, உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கடமைப்பட்டிருக்கிறேன். தையல் மிஷினுக்கு முன்னால் நான் பச்சைத் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தபோது பஸ்ஸை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். "எங்கள் பக்கம் ஆடியில் ஏது பச்சை?" என்று கேட்டீர்கள். தலைமடையில் குறுவை நட்டுப் பயிர் நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் கடைமடைக்காரர்கள் தண்ணீரை எதிர்பார்த்துப் புழுதியில் நிற்கிறார்கள் என்பது எனக்குச் செய்தித்தாளில் தெரியும்; உங்களுக்குக் காலில் தெரியும். பிறகு பச்சையை மேற்கே குவித்தேன். கிழக்கே போகப் போக வெளிர்பச்சை, தலைஞாயிறு வந்தால் வைக்கோல் நிறம். நீங்கள் கொடுத்த புடவை முந்தானை, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நிவாரணமாக வந்தது என்றீர்கள். கட்டவே இல்லை என்றும் சொன்னீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பழுப்பு நிறம் உங்கள் ஊருக்கு வைத்தாற்போல் பொருந்திவிட்டது.

வேதாரண்யத்து உப்பளத்துக்கு எதிர்வீட்டுச் சித்தப்பாவின் கதர் வேட்டியில் பாதி. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு எடுத்த ஊருக்கு மில் துணி வைத்தால் தன் வீட்டுப் படியை மிதிக்காதே என்று அவர் சொல்லிவிட்டார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கரும்பச்சைக் கட்டம் போட்ட கைலி தந்த பாய்க்கும், புதுச்சேரி மாநிலம் என்று காரைக்காலுக்குத் தனி நிறம் கேட்டு வாங்கி, நான் வைத்த ஊதா பிடிக்காமல் மறுநாளே வேறு துணியுடன் வந்து நின்ற தோழிக்கும் நன்றி.

ஸ்ரீரங்கத்துச் சித்திக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கல்லணையை இடது ஓரத்தில் வைத்ததால் உங்கள் ஊர் படத்துக்கு வெளியே போய்விட்டது என்று போனில் கேட்ட கேள்வி நியாயமானது. தலையணையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு நுழைக்க ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்ட பின்பக்க மடிப்பில், முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதும், இரண்டு ஆற்றுக்கும் நடுவே உங்கள் தீவும் இருக்கின்றன. அரங்கனுக்குச் சந்தன நிறப் பட்டு. முன்பக்கத்தில் யாருக்கும் அவ்வளவு நல்ல துணி கிடைக்கவில்லை.

பாக்கி இருப்பது காட்டுமன்னார்கோவில் சம்பந்தி வீட்டார் கொடுத்த புகார். கொள்ளிடத்துக்கு வடக்கே காலியாக இருந்த மூலையில் திசைகாட்டியைத் தைத்தேன். சரியாக வீராணம் ஏரியின் தலையில் வடக்கு நிற்கிறது என்கிறார்கள். சென்னைக்கே குடிநீர் தரும் ஏரியை ஒரு நட்சத்திரம் மூடிக்கொண்டிருக்கிறதாம். திசைகாட்டியைப் பிரித்துக் கடல் பக்கம் நகர்த்தச் சம்மதம். ஏரிக்கு என்ன நிறம் என்பதை நீங்களே பேசி முடிவு செய்து, ஒரு சாண் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்புங்கள். நீலம் மட்டும் வேண்டாம். லஸ்கர் தாத்தா ஒத்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
உங்கள் தெருத் தையற்காரி,
மயிலாடுதுறை