வெப்ப வரைபடம் இரவையும் காட்டட்டும்

ஆசிரியருக்கு,

சென்னையின் சூட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டிவிடுகிறார்கள்: கிண்டிக் காடு பச்சை, தி.நகர் சிவப்பு. சரி, ஆனால் அந்தப் படத்தை எடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்து மணிவாக்கில். அது அளப்பதும் கூரை, சாலைகளின் சூட்டைத்தான். காற்றின் சூட்டை அல்ல. காங்கிரீட் பகலில் வாங்கிய வெயிலை ராத்திரியில்தானே கக்குகிறது? மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவர்களைக் கேளுங்கள்.

கட்டடங்களின் உயரம், நெருக்கம், மரம், தண்ணீர் எல்லாம் பார்த்து நிலத்தை 17 வகையாகப் பிரிக்கும் முறையை ஸ்டூவர்ட், ஓக் என்ற காலநிலை ஆய்வாளர்கள் இருவரும் 2012-லேயே வகுத்துவிட்டார்கள். அந்த முறையில் வார்டு வாரியாக வரைபடம் போட்டு, வகைக்கு ஒரு தெருவிலாவது இரவு வெப்பநிலையை அளந்து மாநகராட்சி வெளியிட வேண்டும்.

ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை-33